அவித்த நெல்லில் தங்கிய உயிர்ச்சத்து

1905 டிசம்பரில் கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில் இருந்தவர்களை வரிசையாக நிறுத்தி எண் கொடுத்தார் வில்லியம் ஃபிளெட்சர் என்ற மருத்துவர். ஒற்றைப்படை எண் வந்தவர்கள் முற்றத்தின் கிழக்குக் கட்டடத்துக்குப் போனார்கள். இரட்டைப்படை எண் வந்தவர்கள் மேற்குக் கட்டடத்துக்கு. இரு பக்கமும் சாப்பாடு ஒன்றுதான், அரிசி மட்டும் வேறு. கிழக்கே சயாமிலிருந்து வந்த, வெள்ளையாகத் தீட்டிய பச்சரிசி. மேற்கே இந்தியப் புழுங்கல் அரிசி. பெரிபெரி நோய்க்குக் கட்டடமே காரணமாக இருக்குமோ என்ற ஐயம் எழக்கூடாது என்று, அடுத்த ஜூலையில் இரு பிரிவினரையும் கட்டடம் மாற்றி வைத்தார். அரிசியை மாற்றவில்லை.

கால் மரத்து, உடம்பு வீங்கி, கடைசியில் இதயமே ஓய்ந்துபோகும் பெரிபெரி அப்போது மலாயாவை உலுக்கிக்கொண்டிருந்தது. ஓராண்டு முடிவில் பச்சரிசி தின்ற பிரிவில் பலர் அந்த நோயில் விழுந்தார்கள், 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் அரிசிப் பிரிவில் நோய் கண்டவர்கள் இரண்டே பேர். அவர்களும் காப்பகத்துக்கு வரும்போதே நோயோடு வந்தவர்கள். ஒப்புதல் சொல்லும் நிலையில் இல்லாத மனிதர்களை வைத்து இப்படி ஒரு சோதனையை இன்று யாரும் நடத்த முடியாது, நடத்தவும் கூடாது. ஆனால் அவர்கள் உயிரைக் கொடுத்துச் சொன்ன பாடத்தை நாம் மறக்கவும் கூடாது.

ஃபிளெட்சரை இந்தச் சோதனைக்குத் தூண்டியது லெனர்ட் பிராடன் என்ற இன்னொரு மருத்துவரின் கருத்து. மலாயாவில் சயாம் அரிசி தின்ற சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியால் மடிந்தார்கள். பக்கத்திலேயே உழைத்த தமிழ்த் தொழிலாளர்களை அது பெரும்பாலும் அண்டவில்லை. அவர்கள் தின்றது புழுங்கல் அரிசி. பச்சரிசியில் ஏதோ நஞ்சு உண்டாகிறது என்று பிராடன் முடிவு கட்டினார். கவனித்தது சரி, காரணம் தவறு. அந்த அரிசியில் நஞ்சு எதுவும் சேரவில்லை. இருக்க வேண்டிய ஒன்று இல்லாமல் போயிருந்தது.

அதுதான் தயமின், அதாவது வைட்டமின் பி1. ஜாவாவில் கோழிகளை வைத்து அதன் தடத்தை முதலில் பிடித்த கிறிஸ்டியான் எய்க்மானுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. 1936இல் அதை ஆய்வகத்தில் செயற்கையாக உருவாக்கிய ராபர்ட் வில்லியம்ஸ், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூரில் பிறந்தவர்.

நெல்மணியில் தயமின் இருக்கும் இடம் தவிட்டுப் படலமும் முளைப்பகுதியும். ஆலையில் அரிசியைத் தீட்டும்போது முதலில் உதிர்வதும் அவைதான். புழுங்கல் முறையில் உமி நீங்குவதற்கு முன்பே நெல் ஊறுகிறது, ஆவியில் வேகிறது, காய்கிறது. ஊறும்போது தண்ணீரில் கரையும் தயமினில் ஒரு பகுதி மணியின் உள்பக்கம் நகர்கிறது. ஆவியில் மாவுச்சத்து வெந்து இறுகி அதைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. வெளிப்படலமும் மணியோடு ஒட்டிக்கொள்வதால் தீட்டினாலும் எளிதில் உதிர்வதில்லை. சூட்டில் கொஞ்சம் தயமின் அழியத்தான் செய்கிறது, ஆனால் மிஞ்சுவது அதைவிட மிக அதிகம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட பழைய உணவு அட்டவணையின்படி, ஆலையில் தீட்டிய பச்சரிசி 100 கிராமில் தயமின் 0.06 மில்லிகிராம். அதேபோல் தீட்டிய புழுங்கல் அரிசியில் 0.21 மில்லிகிராம்.

குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வகத்தில் ஆய்க்ராய்ட் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1940இல் இந்தியாவின் அரிசிச் சிக்கல் பற்றி விரிவான அறிக்கை வெளியிட்டார்கள். அந்தக் காலத்துச் சென்னை மாகாணத்திலேயே இந்த அரிசி வேறுபாட்டின் விளைவு தெரிந்தது. ஆலைப் பச்சரிசி உண்ட வடக்குக் கடலோரத் தெலுங்கு மாவட்டங்களில் பெரிபெரி இருந்தது. புழுங்கல் உண்ட தமிழ் மாவட்டங்களில் அது தலைதூக்கவில்லை.

உயிர்ச்சத்தோடு இந்தக் கதை முடிந்துவிடவில்லை. வெயிலிலும் ஈரத்திலும் மாறி மாறிக் கிடந்த நெல்மணிக்குள் மெல்லிய வெடிப்புகள் விழுந்திருக்கும். அரைக்கும்போது அந்த இடத்தில் உடைந்து நொய்யாகிவிடும். ஆவியில் மாவுச்சத்து உப்பி இளகி, அந்த வெடிப்புகளை மூடிவிடுகிறது. அதனால் முழு அரிசி கூடுதலாகக் கிடைக்கிறது. மணியும் கெட்டிப்படுவதால் பூச்சிகள் அவ்வளவு எளிதில் துளைப்பதில்லை.

தவிட்டிலும் இதே காவல் வேலை செய்கிறது. தவிட்டில் எண்ணெயும் உண்டு, அதைச் சிதைக்கும் லைப்பேஸ் என்ற நொதியும் உண்டு. முழு மணியில் இரண்டும் தனித்தனி இடங்களில் இருக்கும். அரைத்ததும் ஒன்று கலந்துவிடும். பச்சரிசித் தவிடு சில நாட்களிலேயே சிக்கு வாடை அடிக்கத் தொடங்குவது இதனால்தான். அவித்த நெல்லில் நொதி சூட்டிலேயே செயலிழந்துவிடுகிறது. ஆனால் அதே சூடு எண்ணெய்த் துளிகளின் உறையையும் உடைக்கிறது, காற்றுக்கு எதிராக எண்ணெயைக் காக்கும் இயற்கைப் பொருள்களில் சிலவற்றையும் குறைக்கிறது. ஆகவே தீட்டாத புழுங்கல் அரிசியை மாதக்கணக்கில் வைத்திருந்தால் காற்றுப் பட்டுச் சிக்கு வாடை வரலாம். வேண்டிய அளவு மட்டும் வாங்கி, மூடி வைத்துப் புழங்குவது நல்லது.

புழுங்கல் அரிசி மீது சொல்லப்படும் பழைய குறை, அதன் வாடை. குளிர்ந்த நீரில் நெல்லை நாள்கணக்கில் ஊறப்போட்டால் புளித்து வாடை ஏறும். மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் இதற்குக் காட்டிய வழி வெந்நீர். சுமார் 70 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் மூன்று நான்கு மணி நேரத்தில் நெல் ஊறிவிடும், நுண்ணுயிர்கள் பெருக நேரம் கிடைக்காது.

இவ்வளவு தெரிந்த பிறகும் கடையில் அரிசியின் தரத்தைக் கண்ணால்தான் அளக்கிறோம். புழுங்கல் என்றாலும் வெள்ளையாக இருக்க வேண்டும் என்று கேட்கிறோம், அதற்காக ஆலைகள் மேலும் தீட்டுகின்றன. ஆவி உள்ளே பத்திரப்படுத்தியதில் ஒரு பங்கு அங்கே தவிடாகப் போகிறது. வீட்டுக்கு வந்ததும் பல தண்ணீர் மாற்றிக் கழுவி, கஞ்சியையும் வடித்துக் கொட்டினால் இன்னொரு பங்கு போகிறது. மறுபக்கம், இரும்பும் ஃபோலிக் அமிலமும் பி12உம் சேர்த்துச் செய்த செறிவூட்டிய மணிகளை நூற்றுக்கு ஒன்றாக ரேஷன் அரிசியில் கலக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தோம். பற்றாக்குறைக்கு அது தேவையான மருந்தாக இருக்கலாம். ஆனால் நெல்லிலேயே இருப்பதைத் தீட்டி எறிந்துவிட்டு, வெளியிலிருந்து சத்தைச் சேர்ப்பது மட்டுமே ஊட்டச்சத்துக் கொள்கை ஆகிவிடக்கூடாது.

நெல்லை அவித்தவர்கள், தயமின் என்ற பெயர் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே அதைக் காப்பாற்றியிருந்தார்கள். அந்த அறிவுக்கு நாம் செய்யும் மரியாதை எளிமையானதுதான். மங்கிய நிற அரிசியைத் தயங்காமல் வாங்குவோம், அளவாகக் கழுவுவோம், வடித்த கஞ்சியைக் குடிப்போம். விலையும் எடையும் அச்சிடும் மூட்டையில், அரிசி எவ்வளவு தீட்டப்பட்டது என்பதையும் அச்சிடச் சொல்லிக் கேட்போம்.