ஏழு நாள் மௌனம்

பட்ட காலிலே படும், கெட்ட குடியே கெடும் என்று நம் பெரியோர் சொல்வதுண்டு. அந்தப் பழமொழிக்கு ஒரு மனிதரைக் காட்டச் சொன்னால் யோபுவைக் காட்டலாம். யூதர்களின் எபிரேய மறைநூல்களில் அவர் பெயரால் ஒரு தனி நூலே இருக்கிறது. கிறிஸ்தவர்களின் பழைய ஏற்பாட்டிலும் அது உண்டு. இஸ்லாமியப் பெருமக்கள் அவரை அய்யூப் நபி என்று போற்றுகின்றனர். 42 அதிகாரங்கள் கொண்ட அந்த நூல், துன்பப்பட்டவர் யாராயினும், எச்சமயத்தவராயினும், அவர் நெஞ்சைத் தொடக்கூடியது.

ஒரே நாளில் வந்த இடி

ஊத்ஸ் என்னும் நாட்டில் யோபு வாழ்ந்தார். உத்தமர், கடவுளுக்கு அஞ்சியவர். அவருக்கு 7 ஆண்மக்கள், 3 பெண்மக்கள். 7,000 ஆடுகளும் 3,000 ஒட்டகங்களும் 500 ஏர் மாடுகளும் 500 கழுதைகளும் வைத்திருந்த பெருஞ்செல்வர்.

ஒரே நாளில் அத்தனையும் போயிற்று. மாடுகளையும் கழுதைகளையும் கொள்ளையர் ஓட்டிச் சென்றனர் என்று ஒருவன் ஓடி வந்து சொன்னான். அவன் பேசி முடிக்குமுன் இன்னொருவன் வந்தான். ஆடுகள் வானத்து நெருப்பில் எரிந்து போயின என்றான். மூன்றாமவன், ஒட்டகங்களும் பறிபோயின என்றான். நான்காமவன் கொண்டு வந்ததுதான் பெரிய இடி. பிள்ளைகள் கூடி விருந்துண்டிருந்த வீடு புயல் காற்றில் இடிந்து விழுந்து, பத்துப் பேரும் மாண்டனர். பின்னர் யோபுவின் உடம்பிலும் உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை கொடிய புண் கண்டது. அவர் சாம்பலில் உட்கார்ந்து, உடைந்த ஓட்டுச் சில்லால் தம் உடம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

இவ்வளவும் ஏன் வந்தது? நூலைப் படிக்கும் நமக்குத் தெரியும். செல்வம் இருப்பதால்தான் இவருக்குப் பக்தி இருக்கிறது, அதை எடுத்துவிட்டால் கடவுளைத் தூற்றுவார் என்று விண்ணுலகச் சபையில் சாத்தான் வாதிட்டான். அதைச் சோதித்துப் பார்க்க அவனுக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் இந்தச் செய்தி யோபுவுக்கு மட்டும் கடைசி வரை சொல்லப்படவே இல்லை. காரணம் தெரியாமலேயே அவர் அத்தனையையும் சுமந்தார்.

நண்பர்கள் வந்தார்கள்

எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்ற மூன்று நண்பர்கள் யோபுவுக்கு ஆறுதல் சொல்லப் புறப்பட்டு வந்தனர். தூரத்திலிருந்து பார்த்தபோது அவர்களுக்கு யோபுவை அடையாளமே தெரியவில்லை. வாய்விட்டு அழுதார்கள். ஆடையைக் கிழித்துக்கொண்டு, தலையில் புழுதியை வாரிப் போட்டுக்கொண்டார்கள். அவரோடு தரையில் ஏழு பகலும் ஏழு இரவும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் துயரம் மிகப் பெரிது என்று கண்டு, ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

இன்றும் யூதர் வீட்டில் நெருங்கிய உறவினர் இறந்தால், குடும்பத்தார் ஏழு நாள் தாழ்ந்த இருக்கையில் அமர்ந்து துக்கம் காக்கிறார்கள். அதற்கு 'ஷிவா' என்று பெயர். ஏழு என்பது பொருள். துக்கம் கேட்க வருபவர், துக்கப்படுகிறவர் வாய் திறக்கும் வரை பேசக்கூடாது என்பது அவர்களின் முன்னோர் வகுத்த முறை. யோபு முதலில் பேசிய பிறகே நண்பர்கள் பேசினார்கள் என்பதையே அதற்கு ஆதாரமாகத் தல்மூத் என்னும் நூல் காட்டுகிறது.

ஏழு நாள் கழித்து யோபு வாய் திறந்தார். தாம் பிறந்த நாளையே சபித்து அழுதார். அதோடு நண்பர்களின் பொறுமை போய்விட்டது. குற்றமில்லாதவன் எங்காவது அழிந்ததுண்டா என்று கேட்டார் எலிப்பாஸ். பிள்ளைகள் பாவம் செய்ததால்தான் செத்தார்கள் என்ற பொருளில் பேசினார் பில்தாத். பெற்ற தகப்பனிடம் சொல்லும் சொல்லா அது! செய்த குற்றத்துக்கு இந்தத் தண்டனை குறைவுதான் என்றார் சோப்பார். யோபு எதற்கும் ஒப்புக்கொள்ளாததால், எலிப்பாஸ் குற்றங்களைத் தாமே கற்பிக்கத் தொடங்கினார். விதவைகளை வெறுங்கையாய் அனுப்பினாய், தாகத்தோடு வந்தவனுக்குத் தண்ணீர் தரவில்லை என்றார். ஒன்றுக்கும் சாட்சி இல்லை. துன்பம் வந்திருக்கிறதே, அதுவே சாட்சி என்பது அவர்கள் நினைப்பு. ஆறுதல் என்ற பெயரில் நோகடிப்பவரை 'யோபுவின் தேற்றுவோர்' என்று ஆங்கிலேயர் இன்றும் சொல்கிறார்கள்.

புண்ணைவிடத் தனிமையே யோபுவை அதிகம் வாட்டியது. உறவினர் விலகினர். கூப்பிட்டால் வேலைக்காரன் ஏனென்று கேட்கவில்லை. மனைவிக்கு அவர் மூச்சுக் காற்றே பிடிக்கவில்லை. சிறு பிள்ளைகளும் ஏளனம் செய்தார்கள். இவற்றையெல்லாம் 19ஆம் அதிகாரத்தில் அவரே சொல்லி அழுகிறார்.

புலம்பலும் பக்திதான்

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நண்பர்கள் மூவரும் கடவுளைப் பற்றி நிறையப் பேசினார்கள். ஒருவரும் கடவுளிடம் பேசவில்லை. யோபுவோ கோபத்தோடும் கண்ணீரோடும் கடவுளிடமே முறையிட்டார். ஏன் இப்படிச் செய்தாய், பதில் சொல் என்று வழக்காடினார்.

கடைசியில் கடவுள் சூறாவளியிலிருந்து பேசினார். பூமிக்கு அடித்தளம் போட்டபோது நீ எங்கே இருந்தாய், மலையாடுகள் ஈனும் காலம் உனக்குத் தெரியுமா என்று கேள்விகளாக அடுக்கினார். துன்பத்துக்குக் காரணம் சொல்லவில்லை. ஆனால் தீர்ப்பு ஒன்று சொன்னார். தம்மைக் காப்பாற்றிப் பேசியதாக எண்ணிய நண்பர்கள் மேல் கோபம் கொண்டார். அவர்கள் பேசியது சரியல்ல, யோபு பேசியதே சரி என்றார். நண்பர்கள் 7 காளைகளையும் 7 ஆட்டுக்கடாக்களையும் பலியிட வேண்டும், யோபு அவர்களுக்காக வேண்டிக்கொள்ள வேண்டும் என்று கட்டளையிட்டார். தம்மை நோகடித்தவர்களுக்காக யோபு வேண்டிக்கொண்ட பிறகே அவர் வாழ்வு திரும்பியது.

எபிரேய மறைநூல்களைத் தொகுத்த பெரியோர் இத்தகைய புலம்பலை நீக்கிவிடவில்லை. 150 சங்கீதங்களில் 88ஆவது சங்கீதம், நண்பர்களும் விலகிப்போய் இருளே மிஞ்சியது என்பதோடு முடிகிறது. அதையும் வழிபாட்டுப் பாடல்களோடு சேர்த்தே வைத்தார்கள். யோபு என்று ஒருவர் வாழவே இல்லை, இது ஓர் உவமைக் கதை என்று சொன்ன யூத அறிஞரும் உண்டு. அப்படியிருந்தும் அந்நூலை அவர்கள் போற்றிக் காத்தார்கள். 1956இல் சாக்கடல் அருகே கும்ரான் குகையில் கிடைத்த ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழைமையான சுருள்களில், யோபு நூலின் அரமேய மொழிபெயர்ப்பும் இருந்தது.

யோபுவுக்குச் செல்வம் இரட்டிப்பாகத் திரும்பியது. மறுபடியும் 7 ஆண்மக்கள், 3 பெண்மக்கள் பிறந்தனர். இறந்த பிள்ளைகளின் துக்கத்தை அது துடைத்துவிடுமா? பெற்றவர்கள் அறிவார்கள். விலகியிருந்த உடன்பிறந்தாரும் பழகியவர்களும் அவர் வீட்டுக்கு வந்து, அவரோடு உட்கார்ந்து உணவு உண்டு, ஆறுதல் சொன்னார்கள் என்று நூல் குறிப்பிடுகிறது. நல்ல காலம் திரும்பிய பிறகும் அவருக்கு ஆறுதல் தேவைப்பட்டது.

வாசக அன்பர்களே! பக்கத்து வீட்டில் சாவோ நோயோ வேலையிழப்போ நேரும்போது, என்ன பாவம் செய்தார்களோ என்ற பேச்சு நம் வாயில் எளிதாக வந்துவிடுகிறது. அந்த வீட்டுத் தாய் சாமியை நொந்து அழுதால், அப்படிச் சொல்லாதே என்று அடக்கவும் முந்துகிறோம். அவள் அழுது தீர்க்கட்டும். ஒரு வாய் கோப்பி கலந்து கொடுத்து, அருகில் உட்கார்ந்திருப்போம். அந்த மூன்று நண்பர்களும் முதல் ஏழு நாள் செய்தது அதைத்தான்; அவர்கள் செய்தவற்றில் குறை சொல்ல முடியாததும் அது ஒன்றுதான்.