கப்பலறையின் கதவும் அதன் திறப்பும்

கதவைச் சாத்தித் தாழிட்டுவிட்டால் அவ்வறை நமக்கே உரியது என்பது வீடுகளில் வாழும் நம் எல்லோருடைய எண்ணமுமாகும். திறப்புக் கோவை தாய்மாரின் இடுப்பிலே செருகப்பட்டிருக்கும் வரையில் அந்த எண்ணத்துக்குப் பங்கம் ஏற்படுவதில்லை. ஆனால், கடலின்மேல் மிதக்கும் வீடொன்றிலே சில நாட்கள் குடியிருக்கச் செல்வோருக்கு இந்த நியதி அப்படியே பொருந்துவதில்லை. அங்கே நாம் பூட்டிவிட்டுச் சென்ற கதவை நாம் இல்லாத வேளையில் வேறொருவர் திறக்கின்றார். படுக்கையை உதறி விரிக்கின்றார், குளியலறையைக் கழுவுகின்றார், நனைந்த துவாயை எடுத்துப் புதியதை வைக்கின்றார், வந்த சுவடு தெரியாமற் போய்விடுகின்றார். அவர் யார், அவரிடம் திறப்பைக் கொடுத்தது எதற்காக, அவருக்கு நாம் செய்யவேண்டிய கடமை யாது என்பனவற்றை இங்கு சிறிது ஆராய்வோம்.

உல்லாசக் கப்பற் பிரயாணம் பெருஞ் செல்வருக்கே உரியது என்றிருந்த காலம் மாறிவருகின்றது. 2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே சென்னையிலிருந்து புறப்பட்ட 'எம்பிரஸ்' என்னும் உல்லாசக் கப்பல் காங்கேசன்துறைக்கும் வந்து சென்றது. வெளிநாடுகளில் வாழும் பிள்ளைகள் தம் பெற்றோரை இத்தகைய பிரயாணங்களுக்கு அழைத்துச் செல்வதும் உண்டு. ஆகவே, கப்பலறையின் ஒழுங்கு முறைகளை நம்மவர்களும் அறிந்திருத்தல் நன்று.

அன்றைய அறை

நம் பாட்டனார் காலத்திலே கொழும்புத் துறைமுகத்தில் ஏறிச் சூயஸ் கால்வாய் வழியாக இங்கிலாந்து சென்றவர்கள், அறைக்குள்ளே அந்தரங்கத்தை அதிகம் எதிர்பார்க்கவில்லை. அறிமுகமற்ற இருவரோ நால்வரோ ஓரறையில் ஒன்றுக்கு மேல் ஒன்றான படுக்கைகளில் உறங்கினர். பெரும்பாலான அறைகளுக்குத் தனிக் குளியலறை இல்லை. குளியலறைப் பணியாளர் ஒருவர் நேரம் குறித்துக் கொடுத்து, தொட்டியிற் கடல்நீரை நிரப்பிவிட்டு வந்து அழைப்பார். உடலிற் படிந்த உப்பைக் கழுவுவதற்கென ஒரு சிறு பாத்திரத்தில் நன்னீர் வைக்கப்பட்டிருக்கும். காலையிலே தேநீருடன் கதவைத் தட்டுபவர், பி அன்ட் ஓ கம்பனியின் கப்பல்களிலே, பெரும்பாலும் கோவாவைச் சேர்ந்த பணியாளராக இருப்பார்.

செங்கடலைக் கடக்கும்போது அறைகள் அடுப்புப் போற் கொதிக்கும். குளிரூட்டும் வசதி ஏற்படுமுன், பிரயாணிகள் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு மேற்றட்டுக்கு வந்து உறங்குவது வழக்கமாயிருந்தது. வெயில் குறைந்த பக்கத்து அறைகளைப் பணக்காரர் போகும்போது ஒரு புறமும் வரும்போது மறு புறமுமாகக் கேட்டு வாங்கினார்கள் என்றும், அதிலிருந்தே 'போஷ்' என்னும் ஆங்கிலச் சொல் பிறந்தது என்றும் ஒரு கதை உண்டு. கதை சுவையானதே; எனினும், அதற்குச் சான்று எதுவும் அகராதிகாரருக்குக் கிடைக்கவில்லை.

இன்றைய அறை

1912ஆம் ஆண்டில் மூழ்கிய 'டைட்டானிக்' கப்பலின் கொள்ளளவு 46,328 தொன். 2024 ஜனவரியிற் பிரயாணஞ் செய்யத் தொடங்கிய 'ஐக்கன் ஒஃப் த சீஸ்' என்னும் கப்பல் அதனைப்போல் ஐந்து மடங்குக்கும் மேற்பட்டது. ஏழாயிரத்துக்கும் அதிகமான பிரயாணிகளை ஏற்றக்கூடிய அக்கப்பல் 20 தட்டுக்களை உடையது. ஆயினும், கப்பல் எத்துணை பெருத்தாலும் சாதாரண அறை பெருக்கவில்லை. யன்னலில்லாத உள்ளறை ஒன்று ஏறக்குறைய 150 முதல் 180 சதுர அடி வரையிலானது. அதற்குள்ளேயே இருவருக்குக் கட்டில், ஒரு மேசை, அலுமாரி, மலசலகூடத்தோடு கூடிய குளியலறை யாவும் அடங்கவேண்டும்.

இவ்வளவு சிறிய இடத்தை நான்கு பேர் கொண்ட குடும்பம் ஒன்று ஒழுங்காக வைத்திருப்பது சாமர்த்தியமான காரியமே. உடுப்புக்களை முதல் நாளே அலுமாரியில் அடுக்கிவிட்டுப் பெட்டிகளைக் கட்டிலின் கீழ்த் தள்ளிவிடவேண்டும். பெரும்பாலான அறைகளின் சுவர்கள் உருக்குத் தகட்டினாலானவை. ஆதலால், காந்தக் கொக்கிகள் சில கொண்டு சென்றால் தொப்பியையும் பையையும் சுவரிலே மாட்டலாம். மலசலகூடத்துக் குழாய்கள் வெற்றிட விசையினால் இழுக்கப்படுபவை. பல அறைகளுக்குப் பொதுவானவை. தாயொருத்தி அறியாமற் போடும் குழந்தையின் துடைப்புத் துணி ஒன்று பக்கத்து அறைகளையும் பாதிக்கக்கூடும்.

அறைப் பணியாளர் என்று நாம் குறிப்பிடுபவர் இத்தகைய பதினைந்து, இருபது அறைகளுக்குப் பொறுப்பாளி. கப்பல் துறைமுகத்தை அடையும் நாளிலே காலையிற் பழைய பிரயாணிகள் இறங்க, நண்பகலுக்குப் பின் புதியவர்கள் ஏறிவிடுவார்கள். இடையிலுள்ள சில மணி நேரத்துள் அத்தனை அறைகளிலும் விரிப்புக்கள் மாற்றப்பட்டு, குளியலறைகள் கழுவப்பட்டு, முன்னிருந்தவரின் தடயம் சிறிதுமின்றி யாவும் ஒழுங்காகவேண்டும். பின்னர் நாள்தோறும் நாம் காலை உணவுக்குச் சென்ற சமயம் பார்த்து வருகின்றார். மாலையிலே துவாயை யானையாகவும் குரங்காகவும் மடித்துக் கட்டிலில் வைத்துச் சிறுவர்களை மகிழ்விப்பதும் இவர் கைவண்ணமே.

கதவு ஏன் முற்றாக மூடப்படுவதில்லை?

தொந்தரவு செய்யவேண்டாம் என்று அட்டையைத் தொங்கவிட்டால், அறைக்குள் எவரும் வரக்கூடாதன்றோ எனச் சிலர் வினவுவர். சாதாரண வேளைகளில் அது மதிக்கப்படும். ஆனால், நெடுநேரம் எவரையும் காணாவிடில் தட்டி விசாரிப்பதும், வேண்டுமாயின் திறந்து பார்ப்பதும் கப்பலின் கடமையாகும். காரணங்கள் இரண்டு: ஒன்று தீ, மற்றையது நோய்.

2006ஆம் ஆண்டு மார்ச் 23ஆந் திகதி அதிகாலையிலே, யமேக்காத் தீவை நோக்கிச் சென்றுகொண்டிருந்த 'ஸ்டார் பிரின்சஸ்' கப்பலின் பல்கனி ஒன்றிலே தீப் பிடித்தது. அணைக்காமல் வீசப்பட்ட ஒரு சிகரெட்டே காரணமாயிருக்கலாம் என விசாரணையாளர் கருதினர். பல்கனிகளைப் பிரித்த பிளாஸ்டிக் தட்டிகள் வழியாகத் தீ பரவிப் பல அறைகள் அழிந்தன; பிரயாணி ஒருவர் உயிரிழந்தார். அதன் பின் பல்கனிகளின் தீப் பாதுகாப்புப் பற்றிய சர்வதேச விதிகள் 2008 முதல் கடுமையாக்கப்பட்டன. இஸ்திரிப் பெட்டி, மெழுகுதிரி ஆகியவற்றை அறையில் உபயோகிக்கக் கப்பல்கள் தடை விதிப்பது இக்காரணத்தினாலேயே. நடுக்கடலிலே தீயணைப்புப் படையை அழைக்க முடியாது. தப்பி ஓடத் தெருவும் இல்லை. ஓர் அறையில் நேரும் கவலையீனம் கப்பல் முழுவதையும் சாரும்.

நோயும் அவ்வாறே. வாந்தியையும் வயிற்றோட்டத்தையும் விளைவிக்கும் நோரோ வைரசு கப்பல்களில் எளிதிற் பரவும். பிரயாணிகளிலோ பணியாளரிலோ நூற்றுக்கு மூவர் இத்தகைய நோய்க்குறிகளைத் தெரிவித்தால், அமெரிக்கச் சுகாதார அதிகாரிகள் அதனை நோய்த் தொற்றாகப் பகிரங்கப்படுத்துகின்றனர். நோயை முதலில் அறியக்கூடியவர் வைத்தியரல்லர், அறைப் பணியாளரே. 'சுற்றுலாக் கெட்டுவிடுமே' என்று நோயை மறைக்கும் பிரயாணி அவருக்கும் அயலறையாருக்கும் கேடு செய்கின்றார். கையில் தேய்க்கும் மதுசார மருந்துகள் இவ்வைரசுக்கு எதிராக அதிகம் பயன்படுவதில்லை. சவர்க்காரமும் நீருமே நம்பத் தக்கவை.

சட்டம் என்ன சொல்கின்றது?

திறப்பு மற்றொருவர் கையில் இருப்பதால் ஆபத்தும் உண்டு என்பதை மறைப்பது நேர்மையாகாது. கப்பல்களில் நேர்ந்த குற்றங்களால் துயருற்ற குடும்பங்கள் இடைவிடாது முறையிட்டதன் பயனாக, 2010ஆம் ஆண்டு ஜூலையில் ஐக்கிய அமெரிக்காவிலே கப்பற் பிரயாணிகளின் பாதுகாப்புக்கென ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அமெரிக்கத் துறைகளிற் பிரயாணிகளை ஏற்றி இறக்கும் பெரிய கப்பல்களை அது கட்டுப்படுத்துகின்றது. வெளியே நிற்பவரைப் பார்த்தறியும் சிறு துவாரமோ அதையொத்த வழியோ ஒவ்வொரு அறைக் கதவிலும் வேண்டும்; புதிதாகக் கட்டப்படும் கப்பல்களிலே உட்புறத் தாழும், குறித்த காலத்துக்கு மட்டுமே செல்லுபடியாகும் திறப்பும் இருத்தல் வேண்டும். இவற்றிலும் முக்கியமானது வேறொரு விதி. எந்தப் பணியாளர் எந்த நேரத்திற் பிரயாணியின் அறைக்குள் செல்லலாம் என்பதைக் கம்பனி வரையறுத்து, அவ்வொழுங்கு பேணப்படுகின்றதா என அவ்வப்போது பரிசீலிக்கவும் வேண்டும்.

நம் பெண்களும் தனியே செல்லும் மாணவிகளும் இதனை மனதிற் கொள்வார்களாக. அறைக்குள் இருக்கும்போது உட்தாழைப் போடவேண்டும். தட்டியவர் யாரென்று பார்த்தபின்பே திறக்கவேண்டும். பணத்தையும் கடவுச்சீட்டையும் அறையிலுள்ள சிறு இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டவேண்டும். இவ்வாறு செய்வது எவரையும் சந்தேகிப்பதாகாது. பொருள் காணாமற் போனால் முதலிற் பழி சுமப்பவர் ஏழைப் பணியாளரே. ஆகையால், நம் எச்சரிக்கை அவருக்கும் பாதுகாப்பாகும்.

பணியாளரின் கதவு

நமது அந்தரங்கத்தைப் பற்றி இவ்வளவு பேசினோம். அதைக் காப்பவரின் அந்தரங்கம் எந்நிலையிலுள்ளது?

பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா முதலிய நாடுகளிலிருந்து வரும் இப்பணியாளர்கள் ஆறு முதல் ஒன்பது மாதம் வரையிலான ஒப்பந்தத்திற் கப்பலேறுகின்றனர். கடற்றொழிலாளருக்கான சர்வதேச உடன்படிக்கை 2013 ஆகஸ்ட் 20ஆந் திகதி அமுலுக்கு வந்தது. பிரயாணிகள் கப்பலிலே இருவர் வசிக்கும் பணியாளர் அறை 7.5 சதுர மீற்றருக்கும், நால்வர் அறை 14.5 சதுர மீற்றருக்கும் குறையலாகாது என்பது அதன் விதி. அஃதாவது, நாம் நெருக்கடி என்று முறையிடும் உள்ளறையின் அளவுள்ள இடத்தில் நான்கு பேரை வைக்க விதி இடந்தருகின்றது. அவரது அந்தரங்கமெல்லாம் பல வேளைகளில் படுக்கையைச் சுற்றி இழுக்கும் ஒரு திரைச்சீலையே.

ஓய்வுக்கும் விதியுண்டு. எந்த 24 மணி நேரத்திலும் 10 மணிக்கும், எந்த ஏழு நாளிலும் 77 மணிக்கும் குறையாத ஓய்வு அளிக்கப்படல் வேண்டும். கணக்கிட்டுப் பார்த்தால், இந்த ஓய்வு விதியைக் கைக்கொள்ளும் கப்பலில் வாரத்துக்கு 91 மணி நேரம் வேலை வாங்கினும் விதி மீறப்பட்டதாகாது.

இவ்விரு வாழ்க்கைகளுக்குமிடையே உள்ள தூரத்தை 2020ஆம் ஆண்டு உலகம் கண்டது. 'டயமண்ட் பிரின்சஸ்' கப்பலிலே கொரோனாத் தொற்று காணப்பட்டபோது, யோக்கஹாமாத் துறைமுகத்தில் அது தடுத்து நிறுத்தப்பட்டது. அதில் இருந்தவர் 3,711 பேர். பெப்ரவரி 5ஆந் திகதி முதல் பிரயாணிகள் தத்தம் அறைகளில் அடைந்திருக்கப் பணிக்கப்பட்டனர். மூடிய கதவே அவர்களுக்கு அரணாயிற்று. ஆனால், ஆயிரத்துக்கும் மேற்பட்ட பணியாளர்கள் சமைத்தனர். உணவையும் துவாய்களையும் கதவு கதவாகக் கொண்டுசென்றனர். இரவிலே பிறரோடு பங்கிட்ட அறைகளுக்கே திரும்பினர். முடிவில் நோய் தொற்றியவர் 712 பேர்; அவர்களுட் பணியாளரும் பலர். பிரயாணியின் கதவு மூடியிருக்கவேண்டுமாயின், வெளியே ஒருவர் நடந்துகொண்டிருக்க வேண்டியிருந்தது.

நம் கடமை

கம்பனிகள் பலவற்றிலே ஆளுக்கு நாளொன்றுக்கு 15 டொலருக்கும் மேற்பட்ட தொகை பணியாளருக்கான இனாமாகப் பிரயாணியின் கணக்கிற் சேர்க்கப்படுகின்றது. அறைப் பணியாளருக்கும் உணவுச்சாலையில் பரிமாறுவோருக்கும் அதிற் பங்குண்டு. சில கப்பல்களில் அலுவலகத்திற் சொல்லி அத்தொகையை நீக்கிக்கொள்ளவும் முடியும். சிக்கனம் கருதி அவ்வாறு செய்வோர், கம்பனியிடமிருந்தன்று, தம் கட்டிலை விரித்தவரிடமிருந்தே அப்பணத்தை எடுக்கின்றனர் என்பதை உணர்தல் வேண்டும். நாளுக்கு இருமுறை நடைபெற்ற துப்புரவை அண்மை ஆண்டுகளிலே சில கம்பனிகள் ஒருமுறையாகக் குறைத்துள்ளன. அதற்காகப் பணியாளரைக் கடிந்து பயனில்லை; அம்முடிவை எடுத்தவர் அவரல்லர்.

செய்யக்கூடியவை எளியவை. முதல் நாளே அவர் பெயரைக் கேட்டறிதல். எந்த வேளையில் அறை வெறுமையாயிருக்கும் எனச் சொல்லிவைத்தல். உள்ளாடைகளையும் மருந்துகளையும் பரப்பி வைக்காமை. ஈரத் துவாய்களை ஓரிடத்திற் குவித்தல். அட்டையைத் தேவையான வேளைக்கு மட்டும் தொங்கவிட்டுப் பின் எடுத்துவிடுதல். அவர் அறைக்குள் இருக்கையில் நாம் திரும்பிவிட்டால், வேலையை முடிக்கச் சிறிது நேரம் வெளியே உலாவி வருதலும் மரியாதையே. 'தம்பி, சாப்பிட்டாயா?' என்று வீட்டுக்கு வேலைக்கு வருபவரைக் கேட்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. மொழி வேறாயினும் அவ்வினவல் எவருக்கும் விளங்கும்.

பிறர் நம் பொருளைத் தொடாதிருப்பதை மட்டும் அந்தரங்கம் என்று எண்ணுகின்றோம். நாள்தோறும் நம் படுக்கையையும் அழுக்கையும் காணும் ஒருவர், கண்டவற்றை வெளியே சொல்லாதிருப்பதும் அந்தரங்கத்தின் பெரும் பகுதியாகும். அந்த மௌனத்துக்குச் சம்பளப் பட்டியலில் இடமில்லை. அதைத் தருபவருக்கு நாம் தரக்கூடியது, அவரும் தம் கதவைச் சாத்திச் சிறிது உறங்க விரும்பும் ஒரு மனிதர் என்ற நினைவோடு நடந்துகொள்வதேயாகும்.