கதைக்குள்ளே ஓர் அரும்பதவுரை

நாற்பது ஐம்பது மணி நேரம் நீளுகின்ற ஒரு வீடியோ கேம், பல ராஜ்யங்களையும் அவற்றின் வமிசப் பகைகளையும் உடன்படிக்கைகளையும் தன்னுள் அடக்கி நிற்கையில், அன்றாட அலுவல்களுக்கிடையே இன்று ஒரு மணி நேரமும் பத்து நாள் கழித்து மற்றொரு மணி நேரமுமாக அதை ஆடுகிறவர், திரையில் தோன்றும் பிரபு யார், முன்பு யாருக்குத் துரோகம் செய்தவன் என்பதை மறந்துபோவது இயற்கையே. அந்த மறதியை ஆடுகிறவரின் குற்றமாக எண்ணாமல், அதற்குப் பரிகாரம் தேடுவது தம் கடமை என்று கருதிய படைப்பாளிகள், ஆட்டத்துக்குள்ளேயே ஒரு கலைக்களஞ்சியத்தை அமைத்தார்கள்.

கனடாவின் பயோவேர் நிறுவனம் 2007-இல் வெளியிட்ட 'மாஸ் எஃபெக்ட்' என்னும் விண்வெளிக் கதையில் இதற்குக் 'கோடெக்ஸ்' என்று பெயர். வேற்றுக் கிரக ஜாதியாரின் சரித்திரத்தைச் சொல்லும் அதன் முக்கியக் குறிப்புகளை ஒரு கம்பீரமான குரல் வாசித்தும் காட்டியது. ஜப்பானில் 2009-இல் வந்த 'ஃபைனல் ஃபேண்டஸி 13' ஆட்டத்திலோ, பாத்திரங்கள் ஆரம்பம் முதலே ஃபால்சி, லேசி என்று பேசிக்கொண்டிருக்க, அவற்றின் தெளிவான விளக்கத்தை வேறொரு பட்டியலைத் திறந்து தேட வேண்டியிருந்தது. கதையே சொல்லியிருக்க வேண்டியதை அகராதியின் தலையில் சுமத்திவிட்டார்கள் என்று பலர் குறைப்பட்டது நியாயமென்றே எனக்குத் தோன்றுகிறது.

அதே வரிசையில் 2023 ஜூன் மாதம் வெளிவந்த பதினாறாவது ஆட்டம் இந்தக் குறையை அழகாகத் தீர்த்தது. ஒரு காட்சி நடந்துகொண்டிருக்கும்போதே, கையிலுள்ள கன்ட்ரோலரின் தொடுபலகையைச் சற்று அழுத்திப் பிடித்தால் காட்சி அப்படியே நின்று, அந்தக் கணத்துக்குச் சம்பந்தப்பட்ட மனிதர்கள், இடம், வழக்குச் சொற்கள் ஆகியவை மட்டும் சிறு சிறு குறிப்புகளாகத் திரையில் விரிகின்றன. செய்யுளின் அடியிலேயே நின்று பொருள் சொல்லும் அரும்பதவுரையைப் போல, வேண்டியதை வேண்டிய இடத்தில் சொல்லிவிட்டு அது விலகிக்கொள்கிறது. 'பேரர்' என்று ஒருவனை இகழ்கிறார்களே, அவன் யார் என்று ஐயுற்றவருக்கு, படிகத்தின் உதவியின்றியே மாயசக்தியைப் பிரயோகிக்கும் திறமையுடன் பிறந்ததால் முகத்தில் அடையாளக்குறி இடப்பட்டு அடிமையானவன் என்ற விவரம் அங்கேயே கிடைக்கிறது. அது தெரிந்தபின் அந்த இகழ்ச்சியின் கொடுமை மனத்தைச் சுடுகிறது.

இதில் நான் பெரிதும் போற்றுவது அதன் அடக்கத்தையே. பின்னால் நிகழப்போவதை அது முன்கூட்டி வெளியிடுவதில்லை. கதை நகர நகரக் குறிப்புகளும் மாறுகின்றன. ஆட்டத்தில் இக்குறிப்புகளையெல்லாம் தொகுத்துக் காப்பவர் ஹார்பாக்ரடீஸ் என்ற முதிய அறிஞர். அரசியல் நிலவரத்தை விளக்குபவள் விவியன் என்னும் போர்க்கலை விற்பன்னை. இருவரும் கதையின் பாத்திரங்களே ஆகையால், அவர்களிடம் கேட்டறிவதும் கதையின் ஒரு பகுதியாகவே ஆகிவிடுகிறது. எந்தச் சேனை எந்த எல்லையில் நிற்கிறது, யார் யாருக்கு உறவு, யார் யாருக்குப் பகை என்பதை அவளுடைய தேசப்படத்திலும் உறவுக் கோடுகளிலும் காணலாம். கடந்த காலத்துக்குத் திரும்பிச் சென்று, நேற்றைய நண்பர்கள் எந்தக் கட்டத்தில் பகைவரானார்கள் என்பதையும் ஆற அமரப் பார்த்துக்கொள்ளலாம்.