இறம்பொடையில் பிறந்த அட்மிரல்: அன்றும் இன்றும்

கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் பாதையில் இறம்பொடை வந்ததும் வண்டிகள் ஓரங்கட்டும். பாதிப் பேர் அருவியைப் பார்க்க இறங்குவார்கள். மீதிப் பேர் வேவண்டன் குன்றில் நிற்கும் பக்த ஆஞ்சநேயரைக் கும்பிடப் போவார்கள். கடலைத் தாவி வந்தவனுக்கு அந்த மலையில் கோயில் அமைந்தது பொருத்தம்தான். அதே வேவண்டன் தோட்டத்தில் 1841 ஜனவரி 25-ல் பிறந்த ஒரு வெள்ளைக்காரப் பிள்ளைதான் பின்னாளில் பிரிட்டிஷ் கடற்படையைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டவர் என்பது கும்பிட வருகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ! பெயர், ஜான் ஆர்பத்நாட் ஃபிஷர்.

இன்று அந்த மலைகளில் தேயிலை. அன்று கோப்பி. ஃபிஷரின் தந்தை வில்லியம், பட்டாளத்து கேப்டன் வேலையை விட்டுவிட்டுக் கோப்பி பயிரிட வந்தவர். தமிழ்நாட்டிலிருந்து நம் சனங்கள் மன்னாரில் இறங்கி, காட்டுவழி நடந்து, வழியிலேயே பலர் மாண்டு, மிஞ்சியவர்கள் மலையேறிய காலம் அது. 1869-க்குப் பிறகு இலைநோய் வந்து கோப்பியை அழித்துவிட்டது. அதற்கு வெகுகாலம் முன்பே, ஆறு வயதில், சிறுவன் ஃபிஷர் லண்டனிலிருந்த தாத்தா வீட்டுக்கு அனுப்பப்பட்டுவிட்டான். இருந்தும் பிறந்த ஊர் அவரை விடவில்லை. பெரிய பதவிக்கு வந்த பிறகு, அவர் ஒரு சிங்கள இளவரசிக்குப் பிறந்தவர் என்று வேண்டாதவர்கள் வதந்தி கிளப்பினார்கள். லண்டன் மேட்டுக்குடியில் அது வசவு!

1854-ல், 13 வயதில், கடற்படையில் சேர்ந்தார். நுழைவுத் தேர்வை அவரே பிற்காலத்தில் கேலியாகச் சொல்வார்: கிறிஸ்தவர்களின் பரமண்டல ஜெபத்தை எழுதிக் காட்ட வேண்டும், உடுப்பில்லாமல் ஒரு நாற்காலியைத் தாண்ட வேண்டும், முடிந்ததும் ஒரு கிளாஸ் ஷெரி. முதலில் கடலுக்குப் போன கப்பல் 'கல்கத்தா'. பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டிய, 84 பீரங்கி ஏந்திய பாய்மரக் கப்பல். ஏறிய புதிதிலேயே மாலுமிகளுக்குச் சவுக்கடி கொடுப்பதைப் பார்த்து மயங்கி விழுந்தார். சாப்பாடு, கல்லாய் இறுகிய பிஸ்கட். அதற்குள் பெரும்பாலும் புழு.

ஐம்பது வருடம் கழித்து, 1904 அக்டோபர் 21 அன்று, அந்தப் பையன் முழுக் கடற்படைக்கும் தொழில்முறைத் தலைவரானார். டிரஃபால்கர் கடற்போர் வெற்றி நாளைப் பார்த்துத்தான் பொறுப்பேற்றார். அப்போது பிரிட்டிஷ் கப்பல்கள் உலகம் பூராவும் சிதறிக் கிடந்தன. கொடி காட்ட உதவுமே தவிர, எதிரி வந்தால் சண்டையிடவும் முடியாது, தப்பி ஓடவும் முடியாது. ஃபிஷர் தயவுதாட்சண்யம் பார்க்கவில்லை. 154 கப்பல்களைச் சேவையிலிருந்து விலக்கினார், பலவற்றைப் பேரீச்சம்பழத்துக்கே போட்டார். அவற்றில் முடங்கிக் கிடந்த மாலுமிகளை உருப்படியான கப்பல்களுக்கு மாற்றினார். ஜெர்மனி கடற்படையைப் பெருக்கிக்கொண்டிருந்ததால், பலத்தை இங்கிலாந்துக்குப் பக்கத்தில் குவித்தார். தூரத்துத் துறைமுகங்களில் செலவு வெட்டப்பட்டது. அதில் திருகோணமலைக் கடற்படைத் தளமும் அடக்கம். பிறந்த நாடு என்று சலுகை எதுவும் இல்லை. மாலுமிகளுக்கு மட்டும் ஒரு நல்லது நடந்தது. கப்பலிலேயே தினமும் ரொட்டி சுட ஏற்பாடு செய்தார். அவருடைய சீர்திருத்தங்களில் எனக்கு ஆகப் பிடித்தது இதுதான். அந்தப் பிஸ்கட்டைத் தின்றவருக்குத்தான் ரொட்டியின் அருமை தெரியும்.

உலகம் அவரை நினைப்பது 'டிரெட்நாட்' என்ற போர்க்கப்பலுக்காக. 1905 அக்டோபரில் போர்ட்ஸ்மத்தில் அடிக்கட்டை வைத்தார்கள். 1906 பிப்ரவரி 10-ல் எட்வர்ட் மன்னர் நீரில் இறக்கினார். அக்டோபரில் சோதனை ஓட்டத்துக்குக் கிளம்பிவிட்டது! வேறு கப்பல்களுக்குச் செய்துவைத்திருந்த பீரங்கி மேடைகளை எடுத்து இதில் பொருத்தியது அந்த வேகத்துக்கு ஒரு காரணம். 12 அங்குலப் பீரங்கி பத்து. பெரிய போர்க்கப்பல்களில் முதன்முதலாக நீராவி டர்பைன், வேகம் 21 நாட். அது மிதந்த நாளிலிருந்து மற்ற எல்லாப் போர்க்கப்பலும் பழசு. அதில்தான் வினை. உலகத்திலேயே அதிகமான போர்க்கப்பல் வைத்திருந்தது பிரிட்டன். ஒரே நாளில் பழசானதும் அவைதான். ஜெர்மனிக்கு இது புதுக் கணக்கு தொடங்க வசதியாகிவிட்டது என்று அன்றே திட்டினார்கள். நாம் கட்டாவிட்டால் இன்னொருவன் கட்டியிருப்பான் என்பது ஃபிஷர் தரப்பு. அமெரிக்காவும் ஜப்பானும் அதே யோசனையில் இருந்ததால், அவர் பக்கமே நியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் அவருடைய இன்னொரு செல்லப் பிள்ளைக்கு என்னால் வக்காலத்து வாங்க முடியாது. வேகம் இருந்தால் கவசம் குறைந்தாலும் பரவாயில்லை என்று 'பேட்டில்குரூஸர்' கப்பல்களைக் கட்டினார். 1914 டிசம்பரில் ஃபாக்லாந்து தீவருகே அவை ஜெயித்தன. 1916 மே 31-ல் ஜட்லாண்ட் சண்டையில் மூன்று வெடித்துச் சிதறின. 'இன்வின்சிபிள்' கப்பலில் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களில் ஆறே பேர்தான் பிழைத்தார்கள். வெடிமருந்தைக் கண்டபடி கையாண்டதும் காரணம் என்பார்கள். இருக்கட்டும், மெல்லிய கவசம் அவர் கேட்டு வாங்கியது.

டிரெட்நாட்டோ அந்தச் சண்டைக்கே போகவில்லை, பழுதுபார்ப்பில் இருந்தது. அது மூழ்கடித்த ஒரே எதிரி ஒரு நீர்மூழ்கி. 1915-ல் முட்டியே கவிழ்த்தது. 1921-ல் பழைய இரும்பாக விற்றார்கள். இன்று பிரிட்டனிடம் அந்த மாதிரிப் போர்க்கப்பல் ஒன்றுகூடக் கிடையாது. கடைசியானது 1960-ல் உடைக்க அனுப்பப்பட்டது.

அவரைப் பார்த்துச் சிரித்த விஷயங்கள்தான் தங்கிவிட்டன. நீர்மூழ்கியைப் பலர் பொம்மையாக நினைத்தபோது, அது போரையே மாற்றும் என்றார். ஜெர்மன் நீர்மூழ்கிகள் வணிகக் கப்பல்களை எச்சரிக்காமல் மூழ்கடிக்கும் என்று போருக்கு முன்பே எழுதினார். நாகரிகமான நாடு அப்படிச் செய்யாது என்றார் அப்போதைய கடற்படை அமைச்சர் சர்ச்சில். செய்தது. 1960-ல் பிரிட்டனின் முதல் அணுசக்தி நீர்மூழ்கிக்கு வைத்த பெயர் 'டிரெட்நாட்'. இப்போது பாரோ நகரில் கட்டிவரும் அணு ஆயுத நீர்மூழ்கிக்கும் அதே பெயர்.

நிலக்கரியை விட்டு எண்ணெய்க்கு மாறச் சொன்னதற்கு அவருக்குக் கிடைத்த பட்டம் எண்ணெய்ப் பைத்தியம். 1912-ல் அதற்கான அரச விசாரணைக் குழுவுக்கு அந்தப் பைத்தியத்தையே தலைவராக்கினார்கள். 1914-ல் பிரிட்டிஷ் அரசு பாரசீக எண்ணெய்க் கம்பெனி ஒன்றில் பெரும்பங்கை வாங்கியது. இன்றைய 'பிபி' அதுதான். அவர் செலவு வெட்டிய திருகோணமலையிலேயே, அவர் இறந்த பிறகு, எண்ணெய்த் தொட்டிகள் வரிசையாக எழுந்தன. சீனக்குடாவில் இன்றும் 99 நிற்கின்றன. அவற்றை யார் வைத்துக்கொள்வது என்று கொழும்பும் டில்லியும் வெகுகாலம் பேசி, 2022 ஜனவரியில்தான் ஒப்பந்தம் போட்டன.

அவருடைய முடிவு நன்றாக அமையவில்லை. ஓய்வு பெற்றிருந்தவர், 1914-ல் 73 வயதில் அதே பதவிக்குத் திரும்ப அழைக்கப்பட்டு, துருக்கியின் டார்டனெல்ஸ் படையெடுப்பில் சர்ச்சிலோடு மோதி, 1915 மே மாதம் போரின் நடுவே விலகிப் போனார். பொறுப்பைக் கைவிட்டுப் போனதாகத் திட்டு வாங்கினார். 1917-ல் அதே சர்ச்சிலுக்கு எழுதிய கடிதத்தில் 'ஓஎம்ஜி' (ஓ மை காட்) என்று ஒரு சுருக்கம் போட்டிருந்தார். ஆக்ஸ்போர்டு அகராதிக்காரர்கள் கண்டெடுத்த ஆகப் பழைய 'ஓஎம்ஜி' அதுதான். நம் பிள்ளைகள் கைப்பேசியில் தட்டுவது!

1920 ஜூலை 10-ல் இறந்தார். சாம்பலை நார்ஃபோக்கில் கில்வர்ஸ்டன் தேவாலய வளவில், மனைவியின் கல்லறையில் வைத்தார்கள். அதைப் பார்த்தபடி அப்போது அங்கே நின்றது, அந்தப் பம்பாய்த் தேக்குக் கப்பல் 'கல்கத்தா'வின் முகப்புச் சிலை.