விற்பனைக்கூட விலைத்தரவும் மேகத் தரவுக்கிடங்கும்: திண்டிவனம் வட்டாரச் சான்றுகளுடன் ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

மேகச் சேமிப்பகத்திலுள்ள கோப்புகளைத் தரவுக்கிடங்கில் ஏற்றும்போது நேரும் பிழைகளுள் பல, தரவைக் கடத்தும் இடத்தில் நேர்வன அல்ல. பெயர், அளவை, எல்லை ஆகியவற்றைப் பொருத்தும் இடத்திலேயே அவை நேர்கின்றன. இதனை வேளாண் விலைத்தரவு கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: தரவுக்கிடங்கு, தரவுத்தடம், ஒருங்குறி, ஒழுங்குமுறை விற்பனைக்கூடம், திண்டிவனம்.

முன்னுரை

இன்று திண்டிவனத்தின் ஒரு பகுதியாக உள்ள கிடங்கல், சிறுபாணாற்றுப்படை போற்றும் ஓய்மானாட்டு நல்லியக்கோடனின் கிடங்கில் ஆகும். பழந்தமிழில் கிடங்கு என்பது அகழியைக் குறித்தது. இன்று பொருள் சேர்த்து வைக்கும் இடத்தைக் குறிக்கிறது. சொல் ஒன்றாக இருக்கப் பொருள் மாறுவதும், பொருள் ஒன்றாக இருக்கச் சொல் மாறுவதும் மொழியாய்வாளர் நன்கறிந்தவை. தரவுக்கிடங்கு அமைப்போருக்கும் இவையே முதன்மையான இடர்ப்பாடுகள்.

தடத்தின் அமைப்பு

நாட்டின் வேளாண் விற்பனைக்கூட விலைகளை அக்மார்க்நெட் தளம் 2000ஆம் ஆண்டு முதல் திரட்டி வருகிறது. மின்னணு ஏலத்திற்கான தேசிய வேளாண் சந்தை 2016 ஏப்ரல் 14இல் தொடங்கப்பட்டது. ஒரு வட்டாரத்தின் வரத்தையும் விலையையும் பல ஆண்டுகளுக்கு ஒப்பிட விரும்பும் ஆய்வாளர், நாள்தோறும் ஒன்றாகச் சேரும் கோப்புகளை முதலில் மேகச் சேமிப்பகத்தில் வைப்பார். 2006இல் அறிமுகமான அமேசான் எஸ்3 இத்தகையது. அது கோப்பை வைத்திருக்குமேயன்றி அதன் உள்ளடக்கத்தை அறியாது. வினாக்களுக்கு விடை தருவது ரெட்ஷிஃப்ட், பிக்குவெரி, ஸ்னோஃப்ளேக் போன்ற கிடங்கு. இரண்டையும் இணைப்பதே பைப்லைன் என வழங்கும் தரவுத்தடம். கோப்பை நகர்த்தும் பணி இன்று ஓரிரு கட்டளைகளில் முடிந்துவிடும்.

பெயரும் எழுத்தும்

தென்னார்க்காட்டு வழக்கில் நிலக்கடலைக்கு மணிலா, மணிலாக்கொட்டை, மல்லாட்டை எனப் பல பெயர்கள் உண்டு. இவற்றை ஒரு பயிராக இணைக்கும் அட்டவணை தேவை என்பது வெளிப்படை. வெளிப்படையாகத் தெரியாத சிக்கல் ஒன்றும் உண்டு. மணிலாக்கொட்டை என்ற சொல்லிலுள்ள 'கொ'வின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும், ஒற்றைக்கொம்பு, கால் என இரு குறியீடுகளாகவும் எழுத ஒருங்குறி இடமளிக்கிறது. திரையில் இரண்டும் ஒன்றே; குறியீடு குறியீடாக ஒப்பிடும் கிடங்கிற்கோ அவை இரு வேறு பயிர்கள். என்.எஃப்.சி. என்ற இயல்பாக்கத்தை ஏற்றத்தின்போதே செய்தால் இப்பிழை நீங்கும். தமிழ்த் தரவைக் கையாளும் எந்தத் தடத்திலும் இப்படிநிலை கட்டாயம் என்பது என் கருத்து.

இரகப் பெயரிலும் இடறல் உண்டு. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் இரகங்கள் ஊர்ப்பெயரையொட்டி டி.எம்.வி. எனப்படுகின்றன. டி.எம்.வி. 7 என்பது நிலக்கடலையிலும் உண்டு, எள்ளிலும் உண்டு. எனவே பயிர்ப்பெயரின்றி இரகப்பெயரை மட்டும் திறவுகோலாகக் கொள்ளல் ஆகாது.

அளவை

வட்டார விலைகள் மூட்டைக் கணக்கில் வழங்கும். அக்மார்க்நெட் விலையோ குவிண்டால் கணக்கில் அமையும். இப்பகுதியில் நெல் மூட்டை பொதுவாக 75 கிலோ, மணிலா மூட்டை 80 கிலோ. எடுத்துக்காட்டாக, மணிலா மூட்டை 2,400 ரூபாய் எனில் குவிண்டால் விலை 3,000 ரூபாய். நெல்லின் எடையைக் கொண்டு தவறாகக் கணக்கிட்டால் அது 3,200 ஆகிவிடும். எந்தக் கட்டளையும் இதைப் பிழையென அறிவிக்காது.

எல்லை

திண்டிவனம் 1993 வரை தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. அதன்பின் விழுப்புரம் மாவட்டத்தில் உள்ளது. அம்மாவட்டத்திலிருந்து 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி மாவட்டம் பிரிந்தது. சங்கராபுரம், சின்னசேலம், உளுந்தூர்பேட்டை ஆகியவை அதனுடன் சென்றன. மாவட்டப் பெயரை மட்டும் கொண்டு வரத்தைக் கூட்டினால், பிரிவினைக்குப்பின் விழுப்புரத்தின் வரத்து திடீரெனச் சரிந்ததாகத் தோன்றும். அச்சரிவை வறட்சியென்றோ, உழவர் பயிர் மாற்றினர் என்றோ விளக்கி ஒரு கட்டுரையே எழுதிவிடலாம். நிலத்தில் எதுவும் நேர்ந்திராது.

தரவுக்கிடங்கு வடிவமைப்பில் ரால்ஃப் கிம்பால் 'மெல்ல மாறும் பரிமாணம்' என வகுத்தது இதற்கே பொருந்தும். பழைய மாவட்டப் பெயரை அழித்துப் புதியதை எழுதினால் வரலாறு மறையும். மாறாக, விற்பனைக்கூடத்திற்கு மாறா எண் ஒன்று தந்து, ஒவ்வொரு மாவட்டப் பெயரும் எந்நாள் முதல் எந்நாள் வரை பொருந்தும் எனத் தனித்தனி வரிசைகளில் குறிக்கலாம். அப்போது அன்றைய எல்லைப்படியும் இன்றைய எல்லைப்படியும் கணக்கிட இயலும். ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலுக்கும் இதுவே வழி. 2020இல் 1,018 ஊர்ப்பெயர்களின் எழுத்துக்கூட்டலை மாற்றி வந்த அரசாணை சில நாள்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. பெயரையே திறவுகோலாகக் கொண்ட அட்டவணைகள் அச்சில நாள்களில் என்ன பாடுபட்டிருக்கும்!

மீளேற்றம்

இணைய இணைப்பு இடையில் அறுந்தால், தடம் அதே கோப்பை மீண்டும் ஏற்ற முனையும். ரெட்ஷிஃப்ட், பிக்குவெரி ஆகியவற்றில் முதன்மைத் திறவுகோலை அறிவிக்கலாம். ஆயினும் இரட்டிப்பை அவை தடுப்பதில்லை. ஸ்னோஃப்ளேக் ஏற்றிய கோப்பை 64 நாள்கள் நினைவில் கொள்ளும். ஆதலால் நாள், கூடம், பயிர், இரகம் ஆகியவற்றைச் சேர்த்து நோக்கி, முன்னரே உள்ள வரிசையைப் புதுப்பிக்கும் வகையில் தடத்தை அமைத்தல் வேண்டும். சேமிப்பகத்தில் உள்ள மூலக்கோப்பைத் திருத்தலாகாது. மூட்டை எடையில் நேர்ந்த பிழை ஈராண்டு கழித்துத் தெரியவந்தாலும், அக்கோப்புகளிலிருந்து கிடங்கை முழுவதும் மீண்டும் நிரப்ப முடியும்.