மீன் விலை ஆப்பும் உங்க கிரெடிட் கார்டும்
ஆபீஸ் முடிஞ்சு ராத்திரியில சொந்தமா ஆப் செய்றவங்க அடிக்கடி கேக்கிறது: "சார், ஃபயர்பேஸ் ஃப்ரீதானே?" ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்.

மீனவர்களுக்கு அலை, காற்று நிலவரம் சொல்ல எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தோட 'ஃபிஷர் ஃப்ரெண்ட்' ஆப் இருக்கு. நீங்க பழவேற்காட்டுக்காக இறால், நண்டு, மடவை விலை காட்டுற ஆப் செய்றீங்கன்னு வச்சுக்குவோம். பட்டியல்ல 100 வரி, ஒவ்வொண்ணும் தனி டாக்குமென்ட். ஒருத்தர் ஒரு தடவை திறந்தா 100 ரீட். ஃபயர்ஸ்டோர் இலவசமா தர்றது நாளைக்கு 50,000 ரீட். 500 பேர் திறந்தாலே தீர்ந்துடும். கோட்டா மறுபடி தொடங்குறது அமெரிக்க பசிபிக் நேரப்படி நள்ளிரவுல. நமக்கு அது மதியம் பன்னிரண்டரை, இல்லன்னா ஒன்றரை. காலையில தீர்ந்துபோனா அன்னிக்கு ஏலத்துக்கு உங்க ஆப் உதவாது.

உடனே கார்டைக் கொடுத்து 'பிளேஸ்' திட்டத்துக்கு மாறிடாதீங்க. அங்க பட்ஜெட் அலர்ட் மெயில் மட்டும்தான் அனுப்பும், செலவை நிறுத்தாது. கோட்ல ஒரு லூப் தப்பா ஓடினா, பில் உங்க சம்பளத்துல இருந்துதான் போகும். மேல 18% ஜிஎஸ்டி வேற. ரிஜிஸ்டர் பண்ணாதவங்களுக்கு அதுல கிரெடிட் கிடையாது.

சுபாபேஸ்ல மாசம் 25 டாலர் திட்டத்துக்கு செலவு வரம்பு உண்டு. ஆனா கார்டோட ஃபாரெக்ஸ் மார்க்கப்பையும் சேர்த்துப் பாருங்க.

முதல்ல 100 விலையையும் ஒரே டாக்குமென்ட்ல போடுங்க. 500 பேருக்கு 500 ரீட்தான் ஆகும். மொபைல் ஆப்ல ஃபயர்ஸ்டோர் அதை போன்லயே சேமிச்சும் வைக்கும். ஏரிக்குள்ள சிக்னல் போனாலும் கடைசியா வந்த விலை தெரியும்.