புதுக் கணினி அடிக்கடி நின்றுபோனால்

உலு திராம் வட்டாரத்துத் தோட்டங்களிலும் அவற்றை அடுத்த குடியிருப்புகளிலும் இப்போது பல வீடுகளில் கணினி இருக்கிறது. இளைஞர் சிலர் கடையில் செய்து வைத்த கணினியை வாங்குவதில்லை. ஜொகூர் பாருவுக்குப் போய்ப் பாகங்களைத் தனித்தனியே வாங்கிவந்து, வீட்டிலேயே பொருத்திக்கொள்கிறார்கள். விளையாட்டுக்கென்று இப்படிக் கட்டும் கணினிக்கு மூவாயிரம், நாலாயிரம் ரிங்கிட் எளிதாகச் செலவாகும். 2025-இல் அரசாங்கம் நிர்ணயித்த குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். ஆகவே அந்தப் பெட்டிக்குள் இருப்பது ஒரு குடும்பத்தின் இரண்டு மாத உழைப்பு.

அப்படிக் கட்டிய கணினி, விளையாட்டின் நடுவே திடீரென அசையாமல் நின்றுவிடுகிறது. திரையில் படம் அப்படியே நிற்கும். சுட்டியை நகர்த்தினாலும் அம்புக்குறி நகராது. பிள்ளைகள் இதை 'ஹேங்' ஆகிவிட்டது என்பார்கள். உடனே வீட்டில் வழக்கு ஆரம்பமாகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்பான் மகன். பொருத்தியது சரியில்லை என்பார் கடைக்காரர். காசைக் கரியாக்கிவிட்டாய் என்பார் தகப்பனார். மூவர் சொல்வதற்கும் ஆதாரம் இல்லை. அந்த ஆதாரத்தைத் தேடும் முறையைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

பால்மரத்தில் பால் குறைந்தால் அனுபவமுள்ள வெட்டுத் தொழிலாளி என்ன செய்வார்? மரமா, கத்தியா, மழையா, வெட்டின ஆழமா என்று ஒவ்வொன்றாக யோசிப்பார். கத்தியையும் வெட்டும் பட்டையையும் ஒரே நாளில் மாற்றிவிட்டால், எதனால் பால் கூடியது என்று அவருக்கே தெரியாமல் போகும். கணினிக்கும் இதே விதிதான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மாற்றியபின் அதே விளையாட்டை அதே அளவு நேரம் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். கண்டதை நோட்டுப் புத்தகத்தில் தேதி, மணியோடு எழுத வேண்டும்.

என்ன எழுதுவது? விளையாடும்போது மட்டும் நிற்கிறதா, சும்மா இருக்கும்போதும் நிற்கிறதா? தொடங்கி எத்தனை நிமிடத்தில்? நின்றுவிடுகிறதா, தானாக அணைந்து மறுபடி எழுகிறதா, நீலத்திரை வருகிறதா? நீலத்திரை வந்தால் அதிலுள்ள எழுத்துகளைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். விண்டோஸும் 'ஈவென்ட் வியூவர்' என்ற ஏட்டில் நடந்ததைப் பதிந்துவைக்கிறது. அதில் 'கெர்னல் பவர் 41' என்று கண்டதும் பவர் சப்ளை கெட்டுவிட்டது என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். கணினி முறைப்படி அணைக்கப்படவில்லை என்பதுதான் அந்தக் குறிப்பின் பொருள். காரணம் என்னவென்று அது சொல்வதில்லை.

இனி, செலவில்லாத சோதனைகளை முதலில் செய்வோம். பெட்டியைத் திறக்குமுன் சுவிட்சை அணைத்து, மூன்றுமுனைப் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். பவர் சப்ளை என்னும் சிறிய பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதனுள் உயிருக்கு ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கக்கூடும்.

செயலியின் மேல் உட்காரும் குளிர்விப்பானின் அடியில் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே சிலர் பொருத்திவிடுவதுண்டு. அதைப் பாருங்கள். விசிறிகள் சுழல்கின்றனவா, பெட்டி சுவரை ஒட்டி இருக்கிறதா என்றும் பாருங்கள். தகரக் கூரை வீட்டில் பிற்பகல் வெயிலின் வெப்பமும் சேர்ந்துகொள்ளும். வெப்பநிலையைக் காட்டும் இலவச மென்பொருள்கள் உண்டு. இன்டெல் செயலிகள் பலவற்றுக்கு எல்லை 100 பாகை செல்சியஸ். ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு 95. அந்த எல்லையைத் தொட்டால் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். எண் அதற்கு மிகக் கீழே இருந்தும் கணினி நின்றால், செயலியின் வெப்பத்தின்மேல் பழி போடாமல் அடுத்த இடத்தைத் தேடலாம்.

அடுத்தது ரேம் எனப்படும் நினைவகம். புதுக் கணினியில் முதலில் சந்தேகிக்கத்தக்கது இதுவே. இரண்டு ரேம் பலகைகள் இருந்து, இடம் நான்கு இருந்தால், பெரும்பாலான தாய்ப்பலகைகளில் செயலியின் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் பொருத்த வேண்டும். 'டக்' என்று பிடிக்கும்வரை அழுத்த வேண்டும். இன்னொன்றும் உண்டு. டிடிஆர்5 ரேம் பெட்டியின்மேல் 6000 என்று அச்சிட்டிருந்தாலும், பொதுவாக 4800 போன்ற வழக்கமான வேகத்தில்தான் அது முதலில் ஓடும். 6000-க்கு உயர்த்த பயாஸ் அமைப்பில் 'எக்ஸ்எம்பி' அல்லது 'எக்ஸ்போ' என்பதை இயக்குவார்கள். எல்லாச் செயலியும் எல்லாத் தாய்ப்பலகையும் அந்த வேகத்தைத் தாங்கும் என்பதற்கு உறுதியில்லை. அதை அணைத்துவிட்டு இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். கோளாறு மறைந்தால் வழி தெரிந்துவிட்டது. மறையாவிட்டால், 'மெம்டெஸ்ட்86' என்னும் சோதனையை இரவு முழுதும் ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும் அலட்சியம் கூடாது. ஒவ்வொரு பலகையாகத் தனியே வைத்துச் சோதித்தால் எது கெட்டது என்று புலப்படும்.

பிறகு கிராபிக்ஸ் கார்டின் மின்கம்பிகள் இறுகப் பொருந்தியுள்ளனவா, அதன் இயக்கி மென்பொருள் தயாரிப்பாளரிடமிருந்து பெற்றதா, தகவல் வட்டு நலமாக உள்ளதா என்று பாருங்கள். கனமான விளையாட்டில் மட்டும் கணினி அணைந்துபோனால், பவர் சப்ளையையும் சந்தேகிக்கலாம். புதிது வாங்குமுன் நண்பரிடம் தக்க வலிமையுள்ள ஒன்றை இரவல் வாங்கிச் சோதியுங்கள். ஆனால் கம்பிகளையும் அதனுடனேயே மாற்ற வேண்டும். ஒரு நிறுவனத்துக் கம்பி இன்னொன்றில் நுழைந்தாலும் பாகங்களை எரித்துவிடலாம்.

இவ்வளவும் செய்த பின்னும் குறை தீராவிட்டால், செய்தவன் கைதான் குற்றமா? இல்லை என்பதற்கு அண்மைக் காலத்தில் ஓர் உண்மைச் சான்று உண்டு. 1972 முதல் பினாங்கில் தொழிற்சாலை நடத்தும் இன்டெல் நிறுவனம், 2022 அக்டோபரில் 13-ஆம் தலைமுறைச் செயலிகளையும் 2023 அக்டோபரில் 14-ஆம் தலைமுறையையும் வெளியிட்டது. அவற்றை வாங்கிய பலருக்கு விளையாட்டுகள் பாதியில் முறிந்தன. சில விளையாட்டுகளில், கிராபிக்ஸ் கார்டின் நினைவகம் போதவில்லை என்ற செய்தி திரையில் வந்தது. நம்பியவர்கள் கிராபிக்ஸ் கார்டைச் சந்தேகித்தார்கள். கோளாறோ செயலியில் இருந்தது. தேவைக்கு மேற்பட்ட மின்னழுத்தம் அதைச் சிறிது சிறிதாகக் கெடுத்துவந்தது. 2024 ஜூலையில் நிறுவனமே இதை விளக்கியது. ஆகஸ்டில் திருத்தம் ஒன்றை வெளியிட்டது. உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. பயாஸைப் புதுப்பித்தால்தான் அந்தத் திருத்தம் உறுதியாகக் கிடைக்கும். ஆனால் முன்பே கெட்டுவிட்ட செயலியை அது குணமாக்காது. மாற்றித்தான் ஆக வேண்டும். பயாஸைப் புதுப்பிக்கும்போது மின்சாரம் நின்றால் தாய்ப்பலகையே முடங்கலாம். இடி மின்னல் இல்லாத வேளையில் செய்யுங்கள்.

கடைக்குத் திரும்பப் போகும்போது நோட்டுப் புத்தகத்தையும் ரசீதையும் பெட்டிகளையும் கொண்டுபோங்கள். 'இந்தப் பலகையை மட்டும் வைத்தால் பிழை வருகிறது. மற்றதை வைத்தால் வருவதில்லை' என்று காட்டுகிற பிள்ளையிடம் சாக்குச் சொல்வது கடினம். அதற்கும் இணங்காவிட்டால், 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை 5 ரிங்கிட் கட்டணத்தில் அங்கே பதியலாம், வழக்கறிஞர் தேவையில்லை.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை கணினியைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் உடனே கடிந்துகொள்ளாதீர்கள். 'இன்று எதை மாற்றினாய்? என்ன ஆயிற்று?' என்று கேளுங்கள். பதிலை எழுதச் சொல்லுங்கள். கணினியைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும் இந்த இரண்டு கேள்விகளையும் நாம் கேட்கலாம். அவை அவனை ஊகத்திலிருந்து ஆதாரத்துக்குக் கொண்டுவரும். இரண்டு மாதச் சம்பளமும் வீணாகாமல் தப்பும்.